தண்டை உருட்டிப் பாருங்கள்

திருவண்ணாமலையில் புது வீடு கட்டுகிறவர்கள் முன்பக்கம் ஒரு புல்தரைக்கு இடம் ஒதுக்குவது இப்போது சாதாரணமாகிவிட்டது. நர்சரியிலிருந்து பாய்போல் சுருட்டி வரும் புல்லை விரிக்கிறார்கள். ஒரு மழைக்காலம் போவதற்குள் அதில் அழையாத புற்கள் தலைதூக்குகின்றன. உடனே ஆள் வைத்துப் பிடுங்குகிறோம், இல்லையென்றால் உரக்கடையில் போய் ‘புல்லுக்கு மருந்து’ கேட்கிறோம். வந்திருப்பது எது என்று யாரும் பார்ப்பதில்லை. பிடுங்கினால் சாகிற களையும் பிடுங்கினால் பெருகுகிற களையும் ஒரே தரையில் அடுத்தடுத்து நிற்கும். அதனால் கூலியும் மருந்துச் செலவும் பாதிக்குமேல் வீணாவதற்குக் களையின் பிடிவாதத்தைவிட நம் அவசரமே காரணம் என்று நினைக்கிறேன்.

அடையாளம் காண்பது கடினமில்லை. தண்டை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து உருட்டிப் பாருங்கள். மூன்று பட்டை தட்டுப்பட்டால் அது கோரை. பார்வைக்குப் புல்லாக இருந்தாலும் புல் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. தண்டு உருண்டையாகவோ தட்டையாகவோ இருந்து, இடையிடையே கணுவும் இருந்தால் அது புல். காக்காய்க்கால் புல்லின் கதிர் பெயருக்கேற்றபடி பறவையின் விரல்களாய் விரிந்திருக்கும். கேழ்வரகின் காட்டு உறவான இன்னொரு புல்லுக்கு அடித்தண்டு தட்டையாக, வெளிறி இருக்கும். மிதிபட்டு இறுகிய மண்ணில்தான் அது செழிக்கும். இந்த இரண்டும் ஓராண்டுப் புற்கள், முக்கியமாக விதையால் பிழைப்பவை. கதிர் முற்றுமுன் ஈரமண்ணில் வேரோடு எடுத்துவிட்டால் கதை முடிந்தது. இவற்றைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை.

கோரை விஷயம் வேறு. 1977இல் உலகின் மிக மோசமான களைகளைத் தொகுத்துப் புத்தகமாக்கிய ஹோம் என்ற அறிவியலாளரும் அவர் குழுவினரும் முதலிடத்தை அதற்குத்தான் கொடுத்தார்கள். மண்ணுக்கடியில் அதன் கிழங்குகள் மணிமாலைபோல் ஒன்றோடொன்று கோத்திருக்கும். நுனியிலுள்ள கிழங்கு முளைத்திருக்கும்வரை மற்றவை பெரும்பாலும் உறங்கும். நாம் இழுக்கும்போது மாலை அறுகிறது. தூங்கிக்கொண்டிருந்த ஒவ்வொரு கிழங்கும் விழித்துத் தனிச்செடியாகிறது. முத்தக்காசு என்று நாட்டு மருந்துக்கடையில் விற்கும் சரக்கு இந்தக் கிழங்குதான் என்பதில் தோட்டக்காரருக்கு ஆறுதல் ஒன்றுமில்லை. கறுப்புப் பாலிதீனால் மூடினாலும் ஊசிபோன்ற முளையால் துளைத்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு: காய்ச்சலும் நிழலும் ஆகாது. கிழங்கை வெளியே எடுத்து நாள்கணக்கில் வெயிலில் உலரவிட்டால் செத்துப்போகும். சித்திரை, வைகாசி வெயிலை இந்த ஊர் நமக்கு இலவசமாகவே தருகிறது.

எனவே கோரையோடு போராட வேண்டிய காலம் புல் விரிப்பதற்கு முன்னால். புல்தரைக்காக நாம் கொட்டும் ஏரி வண்டலிலும் செம்மண்ணிலும் கிழங்கு கலந்து வரலாம். சரியாக மக்காத தொழுவுரத்தில் புல்விதை வரும். கொட்டியதும் புல்லை விரிக்காமல், நீர் விட்டு முளைக்கவைத்து, முளைத்ததைக் கிழங்கோடு தோண்டிக் காயவிட்டு, அதையே இன்னொரு முறை செய்தால் பெரும்பகுதி தொலையும். விரித்த பிறகு தெரிந்தால், பிடுங்குவதற்குப் பதில் சுற்றியுள்ள மண்ணோடு ஆழமாகப் பெயர்த்தெடுப்பதே மேல். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதையும் நிறுத்த வேண்டும். மேல்மண் எப்போதும் நசநசவென்று இருந்தால் கோரைக்குக் கொண்டாட்டம். இடைவெளி விட்டு ஆழமாகப் பாய்ச்சினால் நாம் வளர்க்கும் புல் வேரை இறக்கிக்கொள்ளும்.

இவ்வளவு பாடு எதற்கு, மருந்தடித்தால் போகாதா என்று கேட்கலாம். கடையில் எளிதாகக் கிடைக்கும் 2,4-டி அகலிலைக் களைகளுக்கானது; புல்லை அது அசைக்காது. கிளைபோசேட் நம் புல்லையும் சேர்த்துக் கருக்கும். உறங்கும் கிழங்குகளோ தப்பிவிடும். கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆணையிட்டது. கரும்பில் கோரையை மட்டும் குறிவைக்கும் ஹாலோசல்ஃப்யூரான் இருக்கிறது, உண்மைதான். ஏக்கர் கணக்குக்கான அந்தச் சரக்கை, குழந்தைகள் உருளும் இரண்டு சென்ட் தரைக்கு அளந்து கலக்கும் துணிச்சல் எனக்கு நியாயமாகப் படவில்லை.

இன்னொரு கேள்வி இதைவிடக் கூர்மையானது. ஹோம் பட்டியலில் கோரைக்கு அடுத்த இடத்தில் இருப்பது அருகு. உழவர் வரப்பிலிருந்து வெட்டி எறிவதும், பிள்ளையாருக்குச் சாத்துவதும், நர்சரியில் பெர்முடா என்று காசு கொடுத்து வாங்குவதும் அருகைத்தான். அப்படியானால் களை என்பதே வெறும் பேச்சா? இல்லை, இடத்தைப் பொறுத்த பேச்சு. திருவண்ணாமலையின் வெயிலுக்கும் வறட்சிக்கும் மிதிக்கும் ஈடுகொடுக்கும் புல்லை வளர்க்க வேண்டுமென்றால் அருகைவிடப் பொருத்தமானது இல்லை. அதை ஒன்றரை அங்குலத்துக்குக் கீழே ஒட்ட வெட்டாமல் விட்டாலே அடர்ந்து, புதிய விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காமல் செய்துவிடும்.

வெளிச்சத்தின் கணக்கை நம் ஊர் மலையிலேயே பார்க்கலாம். மரம் அழிந்த சரிவுகளில் எலுமிச்சைப்புல் ஆளுயரம் வளர்ந்து, கோடையில் காய்ந்து தீப்பிடிக்கிறது. தீ புதுக் கன்றுகளைக் கருக்க, புல் தூரிலிருந்து மறுபடி தழைக்கிறது. அங்கே மரம் வளர்ப்பவர்கள் தீத்தடுப்புக்காகக் கோடுகளாய்ப் புல்லை வெட்டுகிறார்கள். ஆனால் மலை முழுக்கப் புல்லைப் பிடுங்குவது அவர்கள் திட்டமல்ல. கன்று மரமாகிக் கிளை கூடினால் அடியில் புல் தானே மெலியும். வீட்டிலும் வேம்புக்கடியில், புங்கனுக்கடியில் அருகு பிடிக்காமல் திட்டுத்திட்டாய்க் கிடப்பது இதனால்தான். அங்கே வருடந்தோறும் புதுப்புல் வாங்கி விரிப்பதைவிட உதிர்ந்த சருகை அப்படியே விட்டுவிடலாம்.