ரசம் சாதம் மட்டும் போதுமா?

ஆறு மாதம் வரை கொழுகொழுவென்று இருந்த பிள்ளை, ஒரு வயதை நெருங்கும்போது வாடத் தொடங்கும். "பல்லு முளைக்குது, அப்படித்தான் இருக்கும்" என்று பாட்டி சமாதானம் சொல்வார். பல்லைக் குறை சொல்லும் முன், பிள்ளைக்கு ஊட்டும் கிண்ணத்தைப் பார்த்துவிடுவது நல்லது. தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21), தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேற்பட்டவர்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை.

முதல் ஆயிரம் நாட்கள்

கரு உருவானது முதல் இரண்டாவது பிறந்தநாள் வரையிலான சுமார் 1,000 நாட்களில்தான் உடலும் மூளையும் அதிவேகமாக வளர்கின்றன. பிறந்தபோது இருந்த எடை, ஒரு வயதில் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. இந்தக் காலத்தில் தவறவிட்ட வளர்ச்சியைப் பின்னாளில் முழுதாக ஈடுகட்டுவது கடினம்.

ஆறு மாதம் வரை

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே போதும். வெயில் காலத்திலும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. ஒரு வயது முடியும்வரை தேன் கூடவே கூடாது.

கரண்டியைச் சாய்த்துப் பாருங்கள்

ஆறு மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். இங்கேதான் பல வீடுகளில் சறுக்கல். பருப்புத் தண்ணீர், ரசம் கரைத்த சாதம், பாலில் ஊறிய பிஸ்கட் என்று ஊட்டுகிறோம். பிள்ளையின் வயிறு சின்னது; தண்ணீரே அதை நிரப்பிவிட்டால் சத்துக்கு ஏது இடம்? கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் சட்டென்று வழிந்து ஓடாத பதம்தான் சரியான பதம். இரண்டு, மூன்று கரண்டியில் தொடங்கி அளவைக் கூட்டலாம். எட்டு மாதம் வரை நாளுக்கு 2-3 வேளை, அதன்பின் 3-4 வேளை. இரண்டு வயதும் அதற்கு மேலும் தாய்ப்பால் தொடரலாம்.

கிண்ணத்தில் என்ன இருக்க வேண்டும்?

பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து ஆறு மாத வாக்கில் குறைந்துவிடுகிறது. அதனால் குழைந்த சாதத்தோடு மசித்த பருப்பு, முருங்கைக்கீரை, ஒரு சொட்டு நெய் சேருங்கள். நன்றாக வெந்த முட்டை, முள் நீக்கிய மீன், ஈரல் ஆகியவற்றையும் மசித்துத் தரலாம். கேழ்வரகுக் கூழ் கால்சியம் தரும். நிலக்கடலையை முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் சிக்கும், பொடித்துச் சேருங்கள். டீத்தண்ணீர் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும். உப்பு ஒரு வயது வரையும், சர்க்கரை இரண்டு வயது வரையும் வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால்

"வயித்துக்கு ஓய்வு கொடு" என்று பட்டினி போடாதீர்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். கரைசலோடு, மருத்துவர் சொல்லும் நாள்வரை துத்தநாக மாத்திரையும் தர வேண்டும். குணமானபின் சில நாட்களுக்கு ஒரு வேளை கூடுதலாக ஊட்டுங்கள்.

எடைக் கோட்டைக் கவனியுங்கள்

உயரக்குறைவைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். இரண்டு வயதுப் பிள்ளை ஒன்றரை வயதுப் பிள்ளைபோல் தெரியும், அவ்வளவுதான். அதனால் அங்கன்வாடியில் மாதாமாதம் எடையும், அவ்வப்போது உயரமும் பார்க்க வேண்டும். வளர்ச்சி அட்டையில் எடைக் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டால், அது இயல்பான எடையைக் காட்டும் பச்சைப் பகுதிக்குள் இருந்தாலும் கேள்வி கேளுங்கள். அங்கன்வாடியில் தரும் சத்துமாவு பிள்ளைக்கானது. வீட்டில் மற்றவர்களுக்குப் பங்கு போட வேண்டாம்.