லடாக்குக்கு எந்த வண்டி?

லடாக் போக எந்த வண்டி வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு சிசி கணக்கை மனசில் வைத்துக்கொண்டுதான் கேட்கிறார்கள். அதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எடையைப் பாருங்கள். வண்டி கீழே விழுந்தால் தனியாளாகத் தூக்கி நிறுத்த முடியுமா?

மணாலி–லே பாதையில் பனி உருகி வரும் ஓடைகள் சாலைக்குக் குறுக்கே ஓடும். மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறிவிடும். அடியில் உருண்டைக் கற்கள். கைதேர்ந்தவர்களே அங்கே வண்டியைச் சாய்த்துவிடுகிறார்கள். ஹிமாலயன் 450 பைக் பெட்ரோலோடு 196 கிலோ. பைகளைக் கட்டினால் 220 தாண்டும். லேயைத் தாண்டி வரும் கர்துங் லா கணவாய் 5,300 மீட்டருக்கும் மேலே. காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதிதான். நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும்.

அதனால் வாங்கும் முன்பே, நண்பர் ஒருவரின் வண்டியைப் புல்தரையில் மெதுவாகச் சாய்த்துத் தூக்கிப் பாருங்கள். எஞ்சினை அணைத்து, கியரில் போட்டுவிட்டால் சக்கரம் உருளாது. வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முதலிலேயே இறக்கிவிடுங்கள். சீட்டுக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கையால் ஹேண்டில்பாரையும் மறு கையால் பின்கம்பியையும் பிடித்து, முதுகை வளைக்காமல் கால் பலத்தில் பின்னோக்கிச் சின்னச் சின்ன அடியாக நடக்க வேண்டும். இரண்டாவது முறை முடியவில்லை என்றால் அந்த வண்டி உங்களுக்குக் கனம்.

சீட் உயரமும் இதோடு சேர்ந்ததுதான். ஹிமாலயன் 450-க்கு 825 மில்லிமீட்டர். 855 உள்ள வண்டிகளும் உண்டு. அதில் குள்ளமானவர்களுக்கு நுனிக்கால்தான் எட்டும். மேடுபள்ளத்தில் நிற்கும்போது அது போதாது.

பெட்ரோல் கணக்கு பலரை ஏமாற்றுகிறது. அதே மணாலி–லே பாதையில், லாஹுலில் உள்ள டாண்டி பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்ற பலகை வெகு பிரபலம். ஹிமாலயன் 450-க்கு 17 லிட்டர் டேங்க்; லிட்டருக்கு 25 கொடுத்தால் 425 கிலோமீட்டர் வரும். எக்ஸ்பல்ஸ் 200-க்கு 13 லிட்டர்தான். 35 கொடுத்தால் 455. எடையோ ஏறக்குறைய 160 கிலோ. ஆக, டேங்க்கை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது.

அப்படியென்றால் சின்ன வண்டியே போதுமா? தனியாகப் போகிறவருக்குப் போதும் என்றே உறுதியாகச் சொல்வேன். எழுத்தாளர் டெட் சைமன் 1973-ல் 500 சிசி டிரையம்ஃபில் கிளம்பி நான்கு வருடம் உலகைச் சுற்றினார்; இன்றைய கணக்கில் அது நடுத்தர வண்டி. ஆனால் பின்னால் ஆள் உட்காருவதாக இருந்தால் 400 சிசிக்குக் குறையாமல் பாருங்கள். உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் எஞ்சினின் இழுவை வெகுவாக விழும். ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இல்லாத காற்றைக் கொண்டுவர அதனால் முடியாது.

சென்னையிலிருந்தே ஓட்டிப் போகும் நெடுஞ்சாலைதான் சின்ன வண்டிக்குச் சலிப்பு. டேங்க்கைக் காலி செய்து டெல்லிக்கு ரயில் பார்சலில் அனுப்பிவிட்டு, அங்கிருந்து ஏறிக்கொள்ளலாம்.