கரை கேட்கும் டமால்!

மக்களே, டொராண்டோ ஏரிக்கரையில திடீர்னு டமால்னு கேட்டா பயந்துடாதீங்க. அனேகமா கஜாமா கப்பலா இருக்கும். மூணு பாய்மரம், 165 அடி நீளம். பார்க்கக் கொள்ளைக்காரக் கப்பல் மாதிரி இருக்கும், ஆனா ஜாதகத்துல கொள்ளையே இல்லை. 1930-ல ஜெர்மனியில கட்டின சரக்குக் கப்பல், 1999-ல இங்க வந்து சேர்ந்தது. பாய் ஏத்தக் கயிறு இழுக்கப் பயணிகளையும் கூப்பிடுவாங்க (காசும் குடுத்து வேலையும் பார்க்கணும் :-)).

பீரங்கியில குண்டு கிடையாது, வெறும் கருமருந்துதான். நூறு பங்குல 75 வெடியுப்பு, 15 கரி, 10 கந்தகம். குண்டு இல்லாட்டி ஆபத்து இல்லைன்னு நினைக்காதீங்க. சுட்டு முடிச்சதும் குழலுக்குள்ள கனல் ஒட்டிக்கிட்டு இருக்கும். அதை அணைக்காம அடுத்த மருந்தை உள்ளே தள்ளினா, தள்ளுற ஆள் கையோட போயிடும். அதனால ஒவ்வொரு தடவையும் ஈரத்துணி சுத்தின கம்பை விட்டுத் துடைக்கணும், அப்புறம் கொஞ்சம் பொறுக்கணும். நெருப்பு வெச்சும் வெடிக்கலையா? தீபாவளிக்கு அம்மா கத்துற அதே சட்டம்தான், கிட்டப் போகாதே!

கருமருந்தோட குணம் இந்த ஊருக்கு நல்லாவே தெரியும். 1813 ஏப்ரல் 27 அன்னிக்கு அமெரிக்கப் படை இங்க இறங்கினப்போ (அப்போ ஊர்ப் பேர் யார்க்), பின்வாங்கின பிரிட்டிஷ்காரங்க கோட்டை மருந்துக் கிடங்கையே கொளுத்திட்டாங்க. பறந்து வந்த கல்லடியில செத்தவங்களும் காயப்பட்டவங்களும் 200-க்கு மேல. ஜெனரல் பைக்கும் அதுலதான் போனார். அந்தக் காலத்து பிரிட்டிஷ் மருந்துக்கு வெடியுப்பு பெரும்பாலும் எங்கேயிருந்து போச்சு தெரியுமா? நம்ம பீகார், வங்காளத்துல இருந்து!

கோட்டை இன்னும் இருக்கு, பாதர்ஸ்ட் தெருப் பக்கம். இந்தப் பக்கம் வந்தா சொல்லுங்க, நடந்தே போயிடலாம்.