வேக ரயிலும் நம் பழைய பாதையும்

கூட்டேரிப்பட்டில் மயிலம் சாலை பிரியும் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்ப்பவருக்கு, நம் பகுதி எத்தனை பெரிய போக்குவரத்தின் நடுவே அமைந்திருக்கிறது என்பது விளங்கும். சென்னைக்கும் தென் ஜில்லாக்களுக்கும் இடையே ஓடும் பஸ்களும் லாரிகளும் இவ்வழியே இடைவிடாது செல்கின்றன. ரயில் பாதையும் தொலைவில் இல்லை. மயிலம் ஸ்டேஷனில் பாசஞ்சர் வண்டிக்காகக் காத்திருந்து, விரைவு வண்டிகள் நிற்காமல் கடந்து போவதை எண்ணிப் பழகியவர்கள் நம் அங்கத்தினர்கள். ஆகவே, இன்னும் வேகமான ரயில் ஒன்று வரக்கூடும் என்ற செய்தி கிடைத்ததும், "வேகம் இருக்கட்டும், அது எங்கே நிற்கும்?" என்று கேட்டார் மணிலாக் கொட்டை பயிரிடும் பெரியவர் ஒருவர். அந்தக் கேள்வியையே நாமும் இங்கே எடுத்துக் கொள்கிறோம்.

செய்தி இதுதான். 2025 மார்ச் மாதம் தமிழ்நாடு சர்க்கார் சட்டசபையில் வரவு செலவுத் திட்டத்தைச் சமர்ப்பித்தபோது, மணிக்கு 160 கிலோ மீட்டர் வரை செல்லக்கூடிய மித அதிவேக ரயிலுக்கான சாத்தியக்கூறுகளை ஆராயப் போவதாக அறிவித்தது. அதற்கென மூன்று வழிகள் குறிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சென்னையிலிருந்து செங்கற்பட்டு, திண்டிவனம் வழியாக விழுப்புரம் வரையிலானது. நீளம் 167 கிலோ மீட்டர். சென்னை மெட்ரோ ரயில் நிறுவனம் ஆய்வை மேற்கொள்ளும் என்றும் கூறப்பட்டது. சாத்தியக்கூறு ஆய்வு என்பது முதற்படியே. அதன்பின் விரிவான திட்ட அறிக்கை, பணத்துக்கு வழி, நில எடுப்பு என்று பல படிகள் ஏற வேண்டும். ஆயினும் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்திற்கு எப்படிக் கோடு கிழித்தாலும் அது நம் ஊர்ப் பக்கத்தைத் தொடாமல் போவது கடினம்.

வேக ரயில் என்றால் எல்லாம் ஒரே ரகமல்ல. பம்பாய்க்கும் ஆமதாபாத்துக்கும் இடையே ஜப்பானிய முறையில் கட்டப்பட்டு வரும் பாதையின் நீளம் 508 கிலோ மீட்டர். வண்டி மணிக்கு 320 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட வேண்டுமென்பது திட்டம். இவ்வளவு நீளத்துக்கும் ஸ்டேஷன்கள் 12 மட்டுமே. சராசரியாகச் சுமார் 46 கிலோ மீட்டருக்கு ஒன்று. திண்டிவனத்திற்கும் விழுப்புரத்திற்கும் இடையே உள்ள ரயில் தூரமோ சுமார் 37 கிலோ மீட்டர்தான். அந்த ரகப் பாதை இங்கு வருமாயின், இரண்டு ஊர்களில் ஒன்றுக்கு நிறுத்தம் கிடைப்பதே பெரிது. மயிலத்தைப் பற்றிப் பேசவே இடமிராது. 160 கிலோ மீட்டர் ரகம் சற்று இரக்கமுள்ளது. டில்லி-மீரட் பாதையில் 2023 அக்டோபர் முதல் ஓடத் தொடங்கிய வண்டிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அங்கே சில கிலோ மீட்டருக்கு ஒரு நிறுத்தம் உண்டு. ஆனால் ஒவ்வொரு நிறுத்தமும் சில நிமிஷங்களைத் தின்னும் என்பதால், திட்டம் போடுவோர் நிறுத்தங்களைக் குறைக்கவே பார்ப்பார்கள். அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இவ்விடத்தில் ஜப்பானின் அனுபவத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. டோக்கியோவிலிருந்து ஒசாகா வரை 515 கிலோ மீட்டர் நீளமுள்ள அவர்களுடைய முதல் அதிவேகப் பாதை 1964 அக்டோபர் 1-ந் தேதி திறக்கப்பட்டது. அதிலும் ஆரம்பத்தில் 12 ஸ்டேஷன்களே இருந்தன. வேகத்தின் மேலிருந்த ஆசை ஒன்றே அதைக் கட்டத் தூண்டியது என்று எண்ணுவது தவறு. அந்நாட்டு ரயில் பாதைகளின் மொத்த நீளத்தில் நூற்றுக்கு மூன்று பங்கே இருந்த பழைய பாதை, நாட்டின் பயணிகளிலும் சரக்கிலும் ஏறத்தாழ கால் பங்கைச் சுமந்து திணறிக் கொண்டிருந்தது. வேக வண்டிகளுக்குத் தனிப் பாதை போட்டதால், பழைய பாதை உள்ளூர் வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் இடம் கொடுத்தது. செலவு என்னவோ முதல் மதிப்பீட்டைப் போல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. அதற்குப் பொறுப்பேற்று, ரயில்வேத் தலைவர் ஷின்ஜி சோகோவும் தலைமைப் பொறியாளர் ஹிடியோ ஷிமாவும் 1963-லேயே பதவியை விட்டு விலகினார்கள். பாதையின் நடுவே கிஃபு-ஹஷிமா என்றொரு ஸ்டேஷன் வயல்வெளியில் எழுந்தது. அரசியல் செல்வாக்கால் கிடைத்த நிறுத்தம் என்று அதை இன்றும் சொல்வார்கள். மிக வேகமான வண்டிகள் அங்கே நிற்பதுமில்லை.

நமக்கு வேண்டிய விஷயம் இதில்தான் இருக்கிறது. 1870-களின் பிற்பகுதியில் தென்னிந்திய ரயில்வே நம் பக்கம் மீட்டர் கேஜ் பாதை போட்டது. 1965-ல் விழுப்புரம் வரை மின்சார வசதி வந்தது. பிறகு அகலப் பாதையாயிற்று. செங்கற்பட்டிலிருந்து விழுப்புரம் வரை இரட்டைப் பாதையும் ஆயிற்று. இவ்வளவும் ஆன பின்பும் பாசஞ்சர் வண்டி விரைவு வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நிற்கிறது. வேக வண்டிகள் தங்களுக்கென ஒரு பாதையில் போய்விட்டால், இந்த இரண்டு தண்டவாளங்களும் ஓரளவு நமக்குத் திரும்பக் கிடைக்கும். விடியற்காலையில் காய்கறிக் கூடையையும் சேலை மூட்டையையும் ஏற்றிச் சென்று, பொழுது சாய்வதற்குள் திரும்பிவர ஏற்ற வண்டிகளை அப்போது விடலாம். வேக ரயில் மயிலத்தில் நிற்க வேண்டும் என்று மனுக் கொடுப்பதைவிட, பழைய பாதையில் பாசஞ்சர் வண்டிகளையும் பார்சல் பெட்டிகளையும் கூட்டுவதாகத் திட்ட அறிக்கையிலேயே எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதே நமக்குப் பயனுள்ளது என்பது நம் அபிப்பிராயம். பின்னால் கேட்டால், அது வேறு இலாகா என்பார்கள்.

நிலத்தின் கணக்கைப் பார்ப்போம். பம்பாய்-ஆமதாபாத் பாதைக்கு 17.5 மீட்டர் அகலம் போதுமென்று வகுத்திருக்கிறார்கள். பெரும்பகுதி தூண்களின் மேல் செல்வதே காரணம். அந்த அளவில் ஒரு கிலோ மீட்டருக்கு 4 ஏக்கர் 30 சென்ட்டுக்குச் சற்று அதிகமாகும். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரை என்றால் 160 ஏக்கர். ஸ்டேஷன், பணிமனை முதலியன இதில் அடங்கா. மொத்தத்தில் இது பெரிய தொகையல்ல என்று சர்க்கார் சொல்லலாம். ஆனால் வேக ரயிலின் கோடு வளைய மறுக்கும் கோடு. ஒருவருடைய கிணற்றுக்காகவோ மாந்தோப்புக்காகவோ அது ஒதுங்காது. இரண்டு ஏக்கர்க்காரருடைய நிலத்தைக் குறுக்கே பிளந்தால், மிஞ்சும் இரு துண்டுகளில் ஒன்றுக்கு ஏர் ஓட்ட வழியிராது.

தூண்களின் மேல் பாதை அமைவதில் நமக்கு இன்னொரு லாபமும் உண்டு. 2024 டிசம்பர் 1-ந் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், ஃபெஞ்சல் புயலினால் மயிலத்தில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை கொட்டியது. மறுநாள் விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்திற்கும் இடையே ரயில் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் வண்டிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. ஏரிக்கு ஏரி நீர் கொடுத்து வாழும் சீமை இது. மேற்கிலிருந்து வரும் ஓடைகளுக்குக் குறுக்கே இன்னொரு மண்கரை எழும்பினால், ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் வறண்ட ஏரியுமாகத்தான் முடியும். தூண் கட்டச் செலவு அதிகம் என்பது உண்மையே. எந்த ஓடை எங்கே ஓடுகிறது, எந்த மதகு அடைபட்டிருக்கிறது என்பவை வரைபடத்தில் முழுமையாகத் தெரிவதில்லை. ஏரிப் பாசன விவசாயிகளுக்குத் தெரியும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகளை நம்மவர்கள் கையைப் பிடித்து அழைத்துச் சென்று காட்ட வேண்டும்.

நெசவாளர்களுக்கு ஒரு வார்த்தை. திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்குச் சுமார் 180 கிலோ மீட்டர் பாதையும், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோ மீட்டர் பாதையும் 2006-07-ஆம் ஆண்டு ரயில்வே வரவு செலவுத் திட்டத்திலேயே அனுமதி பெற்றவை. ஆரணியும் நகரியும் தறி ஓசை கேட்கும் ஊர்கள். நூலும் துணியும் போக்குவரத்துச் செய்ய அந்த மெதுவான வண்டிகளே போதும். ஆனால் 2025-ஆம் ஆண்டு முடிந்தும் இவ்விரு பாதைகளிலும் திண்டிவனத்திலிருந்து வண்டி புறப்படவில்லை. புதிய பாதையைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு கூட்டத்திலும் இவ்விரண்டின் பெயரையும் எழுப்புவது நியாயமே.

சட்டத்தைப் பற்றியும் அறிந்திருப்பது நலம். 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம், நிலத்தின் உடையவரை மட்டும் பார்ப்பதில்லை. அந்த நிலத்தை நம்பி மூன்று ஆண்டுகளாகப் பிழைத்து வந்த குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளி, கைவினைஞர் ஆகியோரின் குடும்பங்களையும் பாதிக்கப்பட்டவை என்றே கொள்கிறது. கிராமப்புற நிலத்தின் சந்தை மதிப்பை ஒன்று முதல் இரண்டு வரையிலான எண்ணால் பெருக்கி, அதற்கு நூற்றுக்கு நூறு ஆறுதல் தொகையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இருபோக நிலத்தை எடுப்பதற்கு அச்சட்டம் விதிக்கும் தடை மட்டும் ரயில் பாதை போன்ற நீள்கோட்டுத் திட்டங்களுக்குச் செல்லாது. முதல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஆட்சேபத்துக்கு 60 நாள் தவணை; வேறு சட்டத்தின் கீழ் எடுத்தால் அது குறையவும் கூடும்.

சந்தை மதிப்பு என்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் முந்திய மூன்று ஆண்டுகளில் பதிவான கிரயங்களைக் கொண்டே கணக்கிடப்படும். முத்திரைச் செலவை மிச்சப்படுத்த விலையைக் குறைத்து எழுதும் பழக்கம் நம்மிடையே உண்டு. அந்த மிச்சம் நஷ்ட ஈட்டில் பன்மடங்காகக் கழியும். காலமான தகப்பனார் பெயரிலேயே பட்டா இருக்க, பிள்ளைகள் வாய்ப்பேச்சில் பங்கு பிரித்து உழும் குடும்பங்களும் பல. ரயில் வந்தாலும் வராவிட்டாலும் அங்கத்தினர்கள் இந்தப் போகத்திற்குள் கிராம நிர்வாக அலுவலரிடம் சென்று, பட்டாவிலும் அடங்கலிலும் தங்கள் பெயரும் பயிரும் கிணறும் சரியாக ஏறியிருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்வார்களாக.