டைனக்கோ ஸ்டீரியோ 70 மிகைப்பியை மீளமைத்தல்

டைனக்கோ ஸ்டீரியோ 70 என்பது 1959ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த டைனக்கோ நிறுவனம் வெளியிட்ட, வெற்றிடக் குழாய்களால் இயங்கும் இருதட ஒலித்திறன் மிகைப்பி ஆகும். வலுக்குறைந்த ஒலிக் குறிகையை ஒலிபெருக்கியை இயக்கப் போதுமான அளவுக்கு உயர்த்துவது இதன் பணி. ஒவ்வொரு தடமும் 35 வாட்டு வெளியீட்டுத் திறன் உடையது. பாகங்களாக வாங்கித் தாமே பொருத்திக்கொள்ளும் தொகுப்பாகவும் இது விற்கப்பட்டது. எளிய சுற்றமைப்பும் தரமான மின்மாற்றிகளும் உடையதால், பழைய மிகைப்பிகளை மீளமைக்கக் கற்போர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர்.

வரலாறு

டேவிட் ஆப்லர், எட் லாரன்ட் ஆகியோர் 1955இல் டைனக்கோவை நிறுவினர். அதற்கு முன்னர், 1951இல், ஆப்லரும் எர்பர்ட் கீரோசும் "அல்ட்ரா லீனியர்" எனப்படும் வெளியீட்டு முறையை விளக்கிக் கட்டுரை வெளியிட்டிருந்தனர். வெளியீட்டுக் குழாயின் திரைக் கிரிட்டை வெளியீட்டு மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் இடையே எடுக்கப்பட்ட ஓர் இணைப்புடன் சேர்ப்பது இம்முறை. இதனால் உருக்குலைவு குறைகிறது. இக்கருத்துக்கு ஆலன் புளூம்லைன் 1937ஆம் ஆண்டிலேயே காப்புரிமம் பெற்றிருந்தார். ஸ்டீரியோ 70 இம்முறையையே பயன்படுத்துகிறது.

அமைப்பு

ஒவ்வொரு தடத்திலும் ஒரு 7199 குழாயும் இரண்டு இ.எல். 34 குழாய்களும் உள்ளன. 7199 குழாயின் ஒரு பாதி குறிகையை உயர்த்துகிறது. மறுபாதி அதனை ஒன்றுக்கொன்று எதிரான இரு குறிகைகளாகப் பிரிக்கிறது. அவற்றைப் பெறும் இரு இ.எல். 34 குழாய்களும் மாறி மாறி இழுத்து, வெளியீட்டு மின்மாற்றியின் வழியாக ஒலிபெருக்கியை இயக்குகின்றன. ஜி.இசட். 34 என்னும் குழாய் இரு தடங்களுக்கும் பொதுவான அலைதிருத்தியாகும்.

பழுதடையும் பாகங்கள்

மின்மாற்றிகள் பல பத்தாண்டுகள் நிலைக்கக்கூடியவை. பின்வருவன காலப்போக்கில் கெடுகின்றன:

* மின்பகுளி மின்தேக்கி: 30, 20, 20, 20 மைக்ரோபாரடு கொண்ட நான்கு பிரிவுகள் ஒரே உலோக உருளையில் அமைந்துள்ளன. உள்ளிருக்கும் மின்பகுளி உலரும்போது கொள்ளளவு குறைந்து, ஒலிபெருக்கியில் இரைச்சல் எழுகிறது.
* செலினியம் அலைதிருத்தி: இ.எல். 34 குழாய்களின் கிரிட்டுகளுக்குத் தேவையான எதிர்மின் சார்பு மின்னழுத்தத்தை இது வழங்குகிறது. இது தளர்ந்தால் குழாய்களில் மின்னோட்டம் கட்டுக்கடங்காமல் உயர்ந்து, நேர்மின்வாய்த் தகடுகள் சிவந்து ஒளிரும்.
* இணைப்பு மின்தேக்கிகள்: இவற்றில் கசிவு ஏற்பட்டால் முந்தைய நிலையின் நேர்மின்னழுத்தம் இ.எல். 34 கிரிட்டை அடையும். விளைவு மேற்கூறியதே.
* கரிம மின்தடையங்கள்: வெப்பத்தாலும் வயதாலும் இவற்றின் மதிப்பு கூடிவிடுகிறது.

தகடு சிவந்த நிலையில் மிகைப்பி தொடர்ந்து இயங்கினால், குழாயோடு வெளியீட்டு மின்மாற்றியும் கருகக்கூடும். மலிவான மின்தேக்கி ஒன்றை மாற்றத் தவறியதற்கு, கருவியின் மிக விலையுயர்ந்த பாகத்தை இழக்க நேரிடும்.

பாதுகாப்பு

இக்கருவியினுள் 400 வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர்த்திசை மின்னழுத்தம் உள்ளது. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் உயிரைப் பறிக்கப் போதுமான மின்னூட்டம் எஞ்சியிருக்கலாம். எனவே உயர்திறன் மின்தடையம் ஒன்றின் வழியாக அதனை வெளியேற்றி, மல்டிமீட்டரால் அளந்து உறுதிசெய்த பின்னரே உள்ளே கைவைக்க வேண்டும். வட அமெரிக்கச் சந்தைக்கென ஏறத்தாழ 120 வோல்ட்டுக்குச் சுற்றப்பட்ட மின்மாற்றி உள்ள கருவியை, இந்தியா, இலங்கை போன்ற 230 வோல்ட்டு நாடுகளில் இறக்கு மின்மாற்றி இன்றி இணைக்கலாகாது.

மீளமைக்கும் முறை

நெடுநாள் கிடந்த மிகைப்பியை எடுத்தவுடன் மின்னிணைப்பில் செருகுவது தவறு. முதலில் குழாய்களை அகற்றி, கருகிய பாகங்கள், வெடித்த பற்றவைப்புகள், மின்மாற்றிச் சுருள்களின் தொடர்ச்சி ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். பின்னர் மின்தேக்கிகளும் மதிப்பு மாறிய மின்தடையங்களும் மாற்றப்படுகின்றன. செலினியம் அலைதிருத்திக்குப் பதிலாகச் சிலிக்கன் டையோடு பொருத்தலாம். சிலிக்கனில் மின்னழுத்த இழப்பு குறைவென்பதால், சார்பு மின்னழுத்தத்தின் எல்லையை மீண்டும் சரிபார்ப்பது அவசியம்.

புதிய மின்தேக்கியைத் தேர்வதில் ஒரு தவறு அடிக்கடி நிகழ்கிறது. கொள்ளளவைக் கூட்டினால் இரைச்சல் குறையும் என்று கருதிச் சிலர் மிகப்பெரிய மின்தேக்கியை இணைக்கின்றனர். ஆனால் ஜி.இசட். 34 குழாயை அடுத்து வரும் முதல் மின்தேக்கி 60 மைக்ரோபாரடைத் தாண்டலாகாது. தாண்டினால், மின்தேக்கி நிரம்பும் ஒவ்வொரு கணமும் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்து அலைதிருத்திக் குழாய் சிதையும்.

முதல் முறை இயக்கும்போது, வெப்ப இழை மின்விளக்கு ஒன்றை மின்வழங்கலுடன் தொடராக இணைப்பது வழக்கம். உள்ளே குறுக்குச்சுற்று இருப்பின் விளக்கு முழு ஒளியுடன் எரிந்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும், மிகைப்பி தப்பிவிடும். வெளியீட்டு முனைகளில் ஒலிபெருக்கியோ 8 ஓம் உயர்திறன் மின்தடையமோ இருக்க வேண்டும். சுமையின்றிக் குறிகை கொடுத்தால் வெளியீட்டு மின்மாற்றியில் மிகையான மின்னழுத்தம் தோன்றி அதன் காப்பு உடையலாம்.

சார்பைச் சரிசெய்தல்

ஒவ்வொரு தடத்திலும் இரு இ.எல். 34 குழாய்களின் எதிர்மின்வாய்களும் 15.6 ஓம் மின்தடையம் ஒன்றின் வழியாக நிலத்துடன் இணைந்துள்ளன. குழாய்கள் நன்கு சூடான பின்னர், அம்மின்தடையத்தின் குறுக்கே 1.56 வோல்ட்டு வரும்வரை திருகியைச் சரிசெய்ய வேண்டும். ஓமின் விதிப்படி இது 100 மில்லி ஆம்பியர், அதாவது குழாய் ஒன்றுக்கு 50 மில்லி ஆம்பியர் ஆகும். 400 வோல்ட்டில் இது சுமார் 20 வாட்டு, இ.எல். 34 நேர்மின்வாய் தாங்கும் எல்லையோ 25 வாட்டு. இந்த அளவீடு இரு குழாய்களின் கூட்டுத்தொகையை மட்டுமே காட்டுகிறது. ஒன்று 70, மற்றது 30 என இழுத்தாலும் அளவி 1.56 வோல்ட்டையே காட்டும் என்பதால், ஒத்த இணைக் குழாய்களைப் பயன்படுத்துவது இன்றியமையாதது.

மீளமைப்பும் மாற்றமும்

7199 குழாய் அரிதாகிவிட்டதால், எளிதில் கிடைக்கும் வேறு குழாய்களுக்கேற்ற புதிய மின்சுற்றுப் பலகைகள் விற்கப்படுகின்றன. மூல வடிவத்தைப் பேண விரும்புவோர் இதனை ஏற்பதில்லை. கேட்டு மகிழ்வதற்கே கருவி என்போர் ஏற்கின்றனர். எவ்வழியாயினும் அகற்றிய பாகங்களைப் பாதுகாத்து, செய்த மாற்றங்களை மின்சுற்று வரைபடத்தில் குறித்து வைப்பது அடுத்து அதனைத் திறப்பவருக்குப் பெரிதும் உதவும்.