ரௌட்டரை அணைத்தால் விளக்கு எரியுமா?

2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகல். பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்ததில் இலங்கை முழுவதும் மின்சாரம் போனது. வளவை ஆற்றுச் சமவெளியில் இருக்கும் எம்பிலிப்பிட்டியவும் தப்பவில்லை, அதற்கு வடக்கே எழும் இறக்குவானைத் தோட்டங்களும் தப்பவில்லை. கைபேசியால் எரியவிடும் பல்பு, வெளியூரில் இருந்தபடியே தண்ணீர் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச், வைஃபை கேமரா எல்லாம் இப்படியான நேரத்தில் ஒரே நொடியில் செத்துப்போகும். இரண்டு பெட்டரி போட்ட ட்ரான்சிஸ்டர் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டிருக்கும்.

பழைய சாதனங்கள் மீதான ஏக்கத்தை வெறும் இளமைக்கால நினைவு என்று ஒதுக்கிவிட முடியாது. மின்கம்பி எட்டாத லயத்துக் காம்பராக்களில் கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகிய வானொலி அறிவிப்பாளர்களின் குரல்கள் ஒலித்தது பெட்டரியால்தான். 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, மின்சாரம் இல்லாத வீடுகள் கார் பெட்டரியில் தொலைக்காட்சி பார்த்தன. சார்ஜ் இறங்கியதும் அந்தக் கனத்த பெட்டியை டவுனுக்குச் சுமந்து போய் ஏற்றி வருவார்கள். பிள்ளைகளின் கையில் இருந்த ‘பிரிக் கேம்’, 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸின் வழிவந்தது. அதற்குக் கடவுச்சொல் கிடையாது, அப்டேட் கிடையாது. பொத்தானை அழுத்தினால் கட்டைகள் விழத் தொடங்கும்.

தானியங்கித் தொழில்நுட்பமும் இவ்வூர்கள் அடங்கிய சபரகமுவவுக்குப் புதிதல்ல. பிரித்தானியர் காலத்திலேயே தோட்டங்கள் ஓடைநீரில் டர்பைன் சுழற்றித் தேயிலைத் தொழிற்சாலைகளை ஓட்டின. 1990களில் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் மலைக்கிராமங்கள் அதே ஓடைகளில் தங்களுக்கென்று சிறு நீர்மின் நிலையங்களைக் கட்டி, மின்பாவனையாளர் சங்கங்கள் அமைத்துத் தாங்களே நடத்தின. வீட்டுக்குச் சில பல்புகள், ஒரு தொலைக்காட்சி. அவ்வளவுதான் பங்கு.

அந்த நிலையங்களின் உயிர்நாடி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. இரவு வீடுகள் ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தாலும் ஓடைநீர் குறைவதில்லை, டர்பைன் அதே விசையில்தான் தள்ளப்படும். மிஞ்சும் மின்சாரத்துக்கு வழிவிடாவிட்டால் ஜெனரேட்டர் கட்டுமீறிச் சுழன்று, மின்னழுத்தம் ஏறி, எரிந்துகொண்டிருக்கும் பல்புகள் கருகும். ஆகவே மின்னழுத்தத்தை இடைவிடாமல் அளக்கும் அந்தப் பெட்டி, மிகுதியை ஒரு சூடேற்றும் கம்பிச்சுருளுக்குத் திருப்பிவிடும். காவலுக்கு ஆள் வேண்டாம், இணையம் வேண்டாம். இன்றைய ‘ஸ்மார்ட்’ சாதனம் எதையும் அதன் பக்கத்தில் வைத்து மதிப்பிடலாம்.

வெளியே எதையும் நம்பாத கருவிதான் நிலைக்கும் என்பது வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்கொட்லாந்தின் பிக்கோ எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1975இல் உருவாக்கிய எக்ஸ்10 முறை, வீட்டின் மின்வயர் வழியாகவே கட்டளை அனுப்பியது. ஒரே வீட்டில் 256 முகவரிகள் வரை கொடுக்கலாம். மெதுவானது, சில வேளை சிக்னல் தவறும். ஆனாலும் அந்தப் பழைய கருவி பழுதாகாமல் இருந்தால் இன்றும் வேலை செய்யும். ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியின் கதி வேறு. அதை ஏறத்தாழ 300 டொலருக்கு விற்ற நிறுவனத்தை நெஸ்ட் என்ற வேறொரு நிறுவனம் 2014இல் வாங்கியது. 2016 மே மாதம் சேவையகத்தை நிறுத்தியது. கருவிகளில் எந்தப் பழுதும் இல்லை. இருந்தும் அன்றோடு அவை பயனற்றுப்போயின.

இன்று மலிவாகக் கிடைக்கும் வைஃபை பல்புகளும் ப்ளக்குகளும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. எம்பிலிப்பிட்டியவில் ஒருவர் கைபேசியைத் தட்டினால் கட்டளை ரௌட்டர் வழியாக வெளிநாட்டுச் சேவையகத்துக்குப் போய், திரும்பி வந்துதான் பக்கத்து அறை விளக்கை எரிக்கும். இது தேவையில்லாத பயணம். 2022 ஒக்டோபரில் வெளியான மேட்டர் தரநிலை, சாதனங்கள் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ள வழி செய்கிறது. 2013இல் தொடங்கிய ஹோம் அசிஸ்டன்ட் என்ற இலவச மென்பொருளையும் வீட்டில் உள்ள ஒரு சிறு கணினியிலேயே ஓடவிடலாம்.

இவை எல்லாருக்கும் தேவைப்படாது. தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் மிதவை சுவிட்ச், மின்கசிவு வந்தால் தானே விழும் ட்ரிப் சுவிட்ச் இரண்டும் நேர்மையான வீட்டுத் தானியங்கிகள். விலை குறைவு, ஊர் எலெக்ட்ரீஷியனே மாற்றித் தருவார்.

புதிய வைஃபை விளக்கு வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஒன்றைச் செய்துபாருங்கள்: ரௌட்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, அந்த விளக்கைச் சுவர் சுவிட்சால் எரியவிட முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால் வாங்காதீர்கள். அலுமாரிக்கு மேல் பழைய ரேடியோ கிடந்தால், உள்ளே இருக்கும் பெட்டரி கசிந்து கெடுப்பதற்குள் அதைக் கழற்றித் தனியே வையுங்கள்.