நடுராத்திரி நடுரோட்டில் கார் நின்று போச்சா? பதறாதீங்க... முதல்ல பிள்ளைகளை இறக்குங்க!

விழுப்புரம்: பொங்கல், தீபாவளி என்றால் போதும். சென்னையில் வேலை பார்க்கும் தென் மாவட்டத்துக்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு ஊருக்கு கிளம்பி விடுகிறார்கள். பஸ்சில் சீட் கிடைக்காதவர்கள் நாலு குடும்பம் சேர்ந்து வாடகை கார் பிடிக்கிறார்கள். சிலர் கடன் வாங்கி எடுத்த செகண்ட் ஹேண்ட் காரிலேயே 500, 600 கிலோ மீட்டர் போய் வருகிறார்கள்.

திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர் என்று நான்கு வழிச்சாலையில் கார் பறக்கும்போது எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். திடீரென்று டயர் வெடிக்கும். இல்லாவிட்டால் பானட்டில் இருந்து குபுகுபுவென புகை வரும். சுற்றிலும் கும்மிருட்டு. பக்கத்தில் ஒரு டீக்கடை கூட இருக்காது. அந்த நேரத்தில் என்ன செய்வது?

கார் ரிப்பேர் ஆவதால் யாரும் சாவதில்லை. ரிப்பேர் ஆன காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, அதன் பின்னால் நின்று டயரை பார்க்கிறார்களே, அங்கேதான் எமன் வருகிறான். "நின்ற கார் மீது லாரி மோதி பலி" என்ற செய்தியை படிக்காத வாசகர் இருக்க முடியாது. 2022ம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் சாலை விபத்துகளில் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர் உயிரிழந்துள்ளனர் என்கிறது மத்திய அரசின் கணக்கு.

முதல் 2 நிமிடம்

வண்டியில் ஏதோ கோளாறு என்று தெரிந்ததும் சடாரென பிரேக் அடிக்கக்கூடாது. இண்டிகேட்டர் போட்டு, வேகத்தை குறைத்து, இடது ஓரத்துக்கு கொண்டு வர வேண்டும். தார் ரோட்டை விட்டு மண் தரை வரை இறக்கி நிறுத்துவது நல்லது. வளைவிலும், பாலத்தின் மேலும், மேம்பால இறக்கத்திலும் நிறுத்தவே கூடாது.

டயர் பஞ்சர் என்றால் "இன்னும் நகர்த்தினால் ரிம் போயிடுமே" என்று சிலர் யோசிப்பார்கள். ரிம் போனால் போகட்டும். காசு கொடுத்தால் வேறு ரிம் கிடைக்கும். மெதுவாக உருட்டியே பாதுகாப்பான இடத்துக்கு கொண்டு வந்துவிட வேண்டும். அதுவும் வலது பக்க டயர் பஞ்சர் என்றால் ரோட்டை பார்த்து முதுகை காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்து கழற்ற வேண்டியிருக்கும். அப்போது இன்னும் தள்ளிப்போய், பெட்ரோல் பங்க் அல்லது ஓட்டல் வாசல் வரை உருட்டிப் போனாலும் தப்பில்லை.

வண்டி நின்றதும் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னும் பட்டனை தட்ட வேண்டும். டேஷ்போர்டில் சிவப்பு முக்கோணம் போட்டிருக்கும், அதுதான். பிறகு குழந்தைகள், பெரியவர்கள் எல்லோரையும் இடது பக்க கதவு வழியாக இறக்க வேண்டும். தூங்குகிற பிள்ளையை எதற்கு எழுப்புவது என்று காருக்குள்ளேயே விட்டு விடாதீர்கள். இரும்பு தடுப்பு இருந்தால் அதை தாண்டி அந்தப் பக்கம் நிற்க வேண்டும். சென்டர் மீடியனில் போய் உட்காரக்கூடாது. காருக்கு பின்னால் கூட்டமாக நின்று டார்ச் அடித்து பார்ப்பது எல்லாவற்றையும் விட மோசம். பின்னால் வரும் டிரைவருக்கு ஆட்கள் நிற்பது சிவப்பு விளக்கையும் மறைத்துவிடும்.

முக்கோண பலகை எங்கே?

புது கார் வாங்கும்போதே டிக்கியில் ஜாக்கியோடு சிவப்பு முக்கோண பலகை ஒன்றையும் கொடுக்கிறார்கள். பலர் அதை பிரித்துக்கூட பார்ப்பதில்லை. பழைய கார் வாங்கியவர்கள் டிக்கியை திறந்து அது இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் கார் உதிரி பாகம் விற்கும் கடையில் சல்லிசாக கிடைக்கும்.

அதை காரை ஒட்டி வைத்தால் பிரயோஜனம் இல்லை. 80 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே ஒரு வினாடியில் 22 மீட்டர் தூரம் ஓடிவிடும். டிரைவர் பலகையை பார்த்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் 30 மீட்டர் போய்விடும். அதன் பிறகுதான் பிரேக்கே பிடிக்க ஆரம்பிக்கும். லோடு லாரி என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் காருக்கு பின்னால் நூறு தப்படியாவது நடந்து போய் பலகையை வைக்க வேண்டும். நடக்கும்போது ரோட்டில் நடக்காமல் மண் ஓரமாக, எதிரே வரும் வண்டிகளை பார்த்தபடியே போக வேண்டும்.

பலகை இல்லாதவர்கள் மரக்கிளையை ஒடித்து போடுவதும், கல்லை அடுக்குவதும் நம்ம ஊர் வழக்கம். ஆபத்துக்கு பாவம் இல்லை. ஆனால் வண்டி சரியானதும் கல்லை அப்படியே விட்டுவிட்டு கிளம்பி விடுகிறார்கள். அடுத்து பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுகிறான். இது கொலைக்கு சமம். வைத்தவரே எடுத்துப்போட வேண்டும்.

யாருக்கு போன் போடுவது?

தேசிய நெடுஞ்சாலையில் எந்த இடமாக இருந்தாலும் 1033 என்ற இலவச எண்ணுக்கு பேசலாம். 24 மணி நேரமும் எடுப்பார்கள். டோல்கேட் உள்ள சாலைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவை தயாராக இருக்க வேண்டும் என்பது விதி. நாம் கட்டுகிற சுங்கக் கட்டணத்தில் இதற்கும் சேர்த்துத்தான் வாங்குகிறார்கள். எனவே கேட்க கூச்சப்பட வேண்டாம். அடிபட்டவர் இருந்தால் 108. மிரட்டல், வழிப்பறி பயம் என்றால் 100 அல்லது 112.

"எங்க சார் நிக்கிறீங்க?" என்று கேட்டால் பாதிப்பேர் முழிப்பார்கள். ரோட்டோரம் மைல்கல்லை பாருங்கள். தலையில் மஞ்சள் பெயிண்ட் அடித்திருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அதில் உள்ள ஊர் பெயரையும், கிலோ மீட்டரையும் சொல்லி, "சென்னை போற பக்கம்" அல்லது "திருச்சி போற பக்கம்" என்று சேர்த்து சொல்ல வேண்டும். பக்கத்தை சொல்லாவிட்டால் வண்டி எதிர்ப்பக்கம் வந்து, யூ டர்ன் தேடி அலையும்.

புகை வந்தால் மூடியை தொடாதே!

கோடையில் அதிகம் நடப்பது இன்ஜின் சூடாகி நிற்பதுதான். டேஷ்போர்டில் சூட்டை காட்டும் முள் எச் என்ற எழுத்தை நோக்கி ஏறினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ உடனே ஏ.சி.யை நிறுத்த வேண்டும். ஹீட்டரை முழுசாக திருகி வைத்து ஓரம் கட்ட வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு வெந்து போகும்தான். ஆனால் இன்ஜின் சூடு கொஞ்சம் அந்த வழியாக வெளியேறும். நிறுத்தியதும் இன்ஜினை ஆப் செய்துவிட வேண்டும்.

இங்கேதான் பலர் கையையும் முகத்தையும் வேக வைத்துக்கொள்கிறார்கள். ரேடியேட்டருக்குள் தண்ணீர் அழுத்தத்தில் இருக்கிறது. அதனால் 100 டிகிரியை தாண்டியும் கொதிக்காமல் அடங்கி கிடக்கும். மூடியை திருகிய அடுத்த நொடி அழுத்தம் போய், மொத்த தண்ணீரும் ஒரே நேரத்தில் கொதித்து முகத்தில் பீய்ச்சி அடிக்கும். வீட்டு குக்கரை விசில் போடும்போது திறக்கிற மாதிரிதான் இதுவும்.

குறைந்தது அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம். கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறிய பிறகு, தடித்த துணியை போட்டு மூடியை கொஞ்சம் கொஞ்சமாக திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் ஹெட்டில் விரிசல் விழும், செலவு பல ஆயிரத்தில் போய் நிற்கும். ஆறிய பிறகு, கூலண்ட் இல்லாவிட்டால் நல்ல தண்ணீர் ஊற்றி பக்கத்து ஊர் வரை ஓட்டலாம். ஊற்றிய தண்ணீர் கீழே ஒழுகினாலோ, ஆயில் குச்சியை எடுத்துப் பார்த்தால் பால் காபி மாதிரி இருந்தாலோ ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். கிரேன்தான்.

எண்ணெய் விளக்கு மாதிரி, ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு லைட் எரிந்தாலும் இதே கதைதான். "இன்னும் 5 கிலோ மீட்டர்தானே" என்று ஓட்டியவர்களின் இன்ஜின் சீஸ் ஆகியிருக்கிறது. பேட்டரி படம் போட்ட லைட் எரிந்தால் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். பெல்ட் அறுந்திருக்கலாம். சில கார்களில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. அப்படியானால் சூட்டு முள்ளையும் கவனிக்க வேண்டும்.

டயரில் காற்றை குறைக்கலாமா?

"வெயில் காலம், காத்தை நாலு பாயிண்ட் குறைச்சுக்கோ" என்று அறிவுரை சொல்வோர் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இது தவறு. காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் அமுங்கி நெளிகிறது. அந்த நெளிவில்தான் சூடு ஏறுகிறது. 7 பேரையும், டிக்கி நிறைய மூட்டையையும் ஏற்றினால் சொல்லவே வேண்டாம். டிரைவர் கதவை திறந்தால் பக்கத்து தூணில் எவ்வளவு காற்று என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். காலையில் வண்டி ஓடாத நேரத்தில் அந்த அளவுக்கு பிடிக்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான்.

டயர் பக்கவாட்டில் முட்டை வடிவ கட்டத்துக்குள் 4 எண் இருக்கும். 2319 என்றால் 2019ம் ஆண்டு 23வது வாரம் தயாரானது. பட்டன் நன்றாக இருக்கிறதே என்று பத்து வருட டயரில் ஊருக்கு போகாதீர்கள்.

ஓடும்போது டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக பிடித்து நேராக வைக்க வேண்டும். பிரேக்கை மிதிக்கக்கூடாது. ஆக்சிலேட்டரில் இருந்து காலை மெதுவாக எடுத்தால் வண்டி தானாக தளரும். பிரேக்கை அழுத்தியவர்கள்தான் மீடியனை தாண்டி எதிர்ப்பக்கம் போய் விழுகிறார்கள்.

டயர் மாற்றும்போது கைபிரேக் போட்டு, முதல் கியரில் விட்டு, குறுக்கு மூலையில் உள்ள டயருக்கு கல் வைக்க வேண்டும். ஜாக்கி தூக்கும் முன்பே நட்டுகளை அரை சுற்று தளர்த்த வேண்டும். தூக்கிய பிறகு பலமாக தம் பிடித்தால் கார் ஜாக்கியில் இருந்து நழுவி மேலே விழும். கழற்றிய டயரை காருக்கு அடியில் படுக்க வைத்தால், நழுவினாலும் உயிர் தப்பும். நட்டுகளை எதிர் எதிராக முடுக்கி, 50 கிலோ மீட்டர் போனதும் நிறுத்தி இன்னொரு முறை முடுக்க வேண்டும்.

இப்போது வரும் சில கார்களில் ஸ்டெப்னியே இருப்பதில்லை. டியூப்லெஸ் டயர், காற்று அளவை காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020ல் மத்திய அரசு விதியை மாற்றியது. கடன் வாங்கி புது கார் எடுப்பவர்கள் ஷோரூமிலேயே டிக்கியை தூக்கி பார்த்துவிடுங்கள். சில கார்களில் ஒல்லியான ஸ்டெப்னி இருக்கும். அதில் 80 கிலோ மீட்டருக்கு மேல் விரட்டக்கூடாது.

செல்ப் எடுக்கலையா?

ஓட்டலில் சாப்பிட போகும்போது லைட்டை அணைக்க மறந்தால் பேட்டரி இறங்கிவிடும். கியர் வண்டி என்றால் சாவியை போட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை மிதித்துக்கொண்டு தள்ளச் சொல்லி, வேகம் வந்ததும் கிளட்சை விட்டால் பிடித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் காரை எத்தனை பேர் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.

வேறு காரில் இருந்து ஒயர் போடுவதாக இருந்தால் சிவப்பு ஒயர் முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ். கருப்பு ஒயர் நல்ல பேட்டரியின் மைனஸ், மறுமுனை செத்த பேட்டரியில் அல்ல, அந்த காரின் இன்ஜின் இரும்பில். பேட்டரி மேல் தீப்பொறி விழாமல் இருக்கத்தான் இந்த முறை.

கயிறு கட்டி இழுக்கும்போது சாவி போட்டே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்டீயரிங் லாக் ஆகிவிடும். இன்ஜின் ஓடாததால் பிரேக் கல் மாதிரி இறுகி இருக்கும். பழக்கம் இல்லாதவர் உட்காரக்கூடாது.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் பிரேக் காய்ந்து, கருகிய வாடை அடித்து, கடைசியில் மிதித்தாலும் பிடிக்காது. வாடை வந்ததுமே நிறுத்தி ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது.

உஷார்... உஷார்!

ராத்திரியில் பக்கத்தில் பைக்கில் வந்து "சார், ஆயில் ஒழுகுது" என்று கை காட்டினால் உடனே நிறுத்த வேண்டாம். டேஷ்போர்டில் லைட் எரியவில்லை என்றால் வெளிச்சமான பங்க் வரை போய் பாருங்கள். இப்படி நிறுத்தி பணம், நகை பறிக்கும் கும்பல் உண்டு.

பஞ்சர் கடையில் ஒரு ஆணிக்கு அஞ்சு ஓட்டை காட்டுவதும் நடக்கிறது. எல்லா கடைக்காரரும் அப்படி இல்லை. ஆனாலும் ஒரு பஞ்சருக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி, சோப்பு தண்ணீர் ஊற்றி குமிழி வரும் இடத்தை நம் கண் முன்னால் காட்டச் சொல்ல வேண்டும். டயர் பக்கத்தை விட்டு நகரக்கூடாது. பார்ட்ஸ் மாற்றினால் பழசை கேட்டு வாங்குங்கள். தனியார் கிரேன் என்றால் கொக்கி மாட்டும் முன்பே எந்த ஊர் வரை, எவ்வளவு என்று பேசி விடுங்கள்.

இன்சூரன்சில் கிரேன் காசு கிடைக்குமா என்று பலர் கேட்கிறார்கள். சாதாரண பாலிசியில் விபத்து நடந்தால்தான் இழுவை செலவு தருவார்கள், அதுவும் காருக்கு 1,500 ரூபாய் வரைதான். சும்மா ரிப்பேர் ஆகி நின்றால் வராது. அதற்கு ரோடு சைடு அசிஸ்டன்ஸ் என்று தனியாக சேர்த்திருக்க வேண்டும். பாலிசி பேப்பரில் அந்த வரி இருக்கிறதா, எந்த நம்பருக்கு பேச வேண்டும் என்று பார்த்து, அந்த நம்பரை டிரைவர் போனில் மட்டும் இல்லாமல் வீட்டுக்காரம்மா போனிலும் போட்டு வைப்பது நல்லது.